எஃப்.ஓ.பி. என்றால் நஷ்டம் யாருக்கு?

1940ஆம் ஆண்டில், சென்னைத் துறைமுகத்திலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகருக்குச் சுமார் 1,400 டன் நிலக்கடலை அனுப்புவதாக ஒரு வியாபாரம் முடிவானது. விற்றவர்கள் ஜே.எச். ரேனர் நிறுவனத்தார். சரக்குக்குரிய பணத்தைத் தருவதாக லண்டனில் ஹாம்ப்ரோஸ் வங்கி எல்.சி. என்னும் உறுதிக் கடிதம் கொடுத்தது. அந்த எல்.சி.யில் சரக்கின் பெயர் 'கோரமண்டல் நிலக்கடலை'. கப்பல் கம்பெனி கொடுத்த பி.எல். என்னும் சரக்குச் சீட்டிலோ 'இயந்திரத்தில் ஓடு நீக்கிய நிலக்கடலைப் பருப்பு' என்று எழுதியிருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று சொல்லி வங்கி பணம் தர மறுத்துவிட்டது.

கடலை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு நீதிமன்றத்தில் சாட்சியமும் இருந்தது. முதலில் விசாரித்த நீதிபதி விற்றவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1942இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஆயிரம் தொழில்களுக்கு வங்கி எல்.சி. கொடுக்கிறது, ஒவ்வொரு தொழிலின் வழக்குச் சொல்லையும் வங்கிக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, தாளில் கேட்டது தாளில் இருக்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலை என்றது. இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது. சோழமண்டலக் கரையின் கடலை, ஒரு பெயர் மாறியதால் பணமாகாமல் போன கதை.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் திருப்பூர் பனியன், கரூர் மேசைவிரிப்பு, ஆம்பூர்த் தோல், தூத்துக்குடி மீன் எல்லாம் இதே ஆங்கிலத்தில்தான் கடல் தாண்டுகின்றன. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., டி.ஏ., டி.பி., 'அட் சைட்', 'கிளீன் ஆன் போர்டு' ஆகிய சொற்கள் நம் ஏற்றுமதியாளர்களின் அன்றாடப் பேச்சில் இருப்பவை. வாயில் புழங்குகிற அளவுக்கு அவற்றின் பொருள் தெரிந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை. இவை பொருள்களின் பெயர்கள் அல்ல. சரக்கு கெட்டாலும், கப்பல் மூழ்கினாலும், வாங்கியவர் கைவிரித்தாலும் நஷ்டம் யாருக்கு என்று முன்கூட்டியே பிரித்து வைக்கும் சொற்கள். அகராதியில் நேர்ச்சொல் தேடினால் அந்தப் பொருள் அகப்படாது.

எஃப்.ஓ.பி.யையே எடுத்துக்கொள்வோம். 'கப்பலில் ஏற்றும்வரையிலான விலை' என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். சொல்வது தவறில்லை, ஆனால் பாதிதான். பாரிசில் உள்ள பன்னாட்டு வர்த்தக சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் இன்கோடெர்ம்ஸ் என்னும் விதித்தொகுப்பில் இப்போது 11 சொற்கள் உள்ளன. அதில் எஃப்.ஓ.பி.யின் உண்மையான பொருள், சரக்கு குறிப்பிட்ட துறைமுகத்தில் கப்பலின் மேல் வைக்கப்படும் கணம்வரை அதற்கு நேரும் எதுவும் விற்பவரின் தலையில் என்பது. சரக்கை மூட்டை மூட்டையாகத் துறைமுகத் தொழிலாளர்கள் கப்பலில் ஏற்றிய காலத்துக்கு அது பொருந்தியது. இன்று திருப்பூரில் சீல் வைத்த கண்டெய்னரை யார்டில் ஒப்படைத்ததோடு நம்மவர் திரும்பிவிடுகிறார். அதன்பின் அது எந்த நாள் எந்தக் கப்பலில் ஏறும் என்பது அவர் கையில் இல்லை. பொறுப்பு மட்டும் அவர் கையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்ததே, அப்படியொரு நாளில் யார்டில் நிற்கும் கண்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தால், எஃப்.ஓ.பி.யில் விற்றவரின் சரக்குதான் நனைகிறது.

கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. போடாதீர்கள், எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று அந்த விதித்தொகுப்பே சொல்கிறது. எஃப்.சி.ஏ.யில், வாங்குபவர் காட்டிய இடத்தில் அவருடைய சரக்குப் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்த உடனே பொறுப்பு மாறிவிடும். பிறகு ஏன் எல்லாரும் எஃப்.ஓ.பி.யையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வழக்கம் ஒரு காரணம். கப்பலில் ஏற்றியாயிற்று என்று குறித்த பி.எல். வேண்டும் என்று எல்.சி. கேட்பது இன்னொரு காரணம். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கும் வழி செய்துவிட்டது: வாங்குபவர் தன் போக்குவரத்தாளரிடம் சொல்லி, ஏற்றிய குறிப்போடு பி.எல். கொடுக்கச் செய்யலாம் என்று எஃப்.சி.ஏ.யிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இந்த ஒரு வரியைப் பேரத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பையரிடம் இன்னும் கவனம் தேவை. அங்கே உள்நாட்டு வியாபாரத்தில் எஃப்.ஓ.பி. என்ற அதே மூன்றெழுத்துக்கு வேறு பொருளும் உண்டு. சரக்கு போய்ச் சேரும் ஊரின் பெயரை அதன்பின் எழுதினால், அந்த ஊர்வரை நஷ்டம் விற்பவருடையது என்றாகும். ஆகவே வெறுமனே எஃப்.ஓ.பி. என்று எழுதக் கூடாது. 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று இடத்தையும் விதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

சி.ஐ.எஃப். இன்னொரு விதத்தில் ஏமாற்றக்கூடியது. கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் கட்டுவதால், போய்ச் சேரும்வரை சரக்கு விற்பவருடைய பொறுப்பு என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. செலவு போய்ச் சேரும் துறைமுகம்வரை. பொறுப்பு ஏற்றும் துறைமுகத்தோடு சரி. வாங்குபவர் இடத்தில் நாம் இருக்கும்போது இதன் கனம் தெரியும். வெளிநாட்டிலிருந்து இயந்திரமோ பருத்தியோ சி.ஐ.எஃப். விலையில் தருவிக்கிறோம். 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் சி.ஐ.எஃப். கேட்பது மிகக் குறைந்தபட்சக் காப்பீடு. 'சி' பிரிவு எனப்படும் அதில் தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டல், மோதல் ஆகியவை அடங்கும். திருட்டு அடங்காது. கண்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்து சரக்கு கெட்டாலும் அடங்காது. அதற்கெல்லாம் 'ஏ' பிரிவு வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கடல் வணிகத்தின் பழைய சொற்களில் 'ஜெனரல் ஆவரேஜ்' அளவுக்குப் படிப்பவரைத் திசைதிருப்பும் சொல் வேறில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சராசரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட இழப்பை, கப்பல் முதலாளியும் அதில் சரக்கு வைத்திருந்த அத்தனை பேரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருள். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்னும் 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆறு நாள் கழித்து மீட்டார்கள். கப்பல் முதலாளி ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதில் 18,000க்கு மேற்பட்ட கண்டெய்னர்கள் இருந்தன. ஒரு கீறல்கூட விழாத சரக்குக்கும் அதன் உரிமையாளர் பங்குத்தொகைக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும் என்றானது. காப்பீடு வைத்திருந்தவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். வைத்திராதவர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். 'நம் சரக்கு பத்திரமாகத்தானே இருக்கிறது, நாம் ஏன் கட்ட வேண்டும்?' என்ற கேள்வி யாருக்கும் எழும். பதில் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

எல்.சி.க்கு வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் உண்டியலை நம்பியே பெருந்தொகைகள் கைமாறின. கண்டதும் பணம் தர வேண்டிய உண்டியல் ஒரு வகை, தவணை கழித்துத் தர வேண்டியது இன்னொரு வகை. இன்றைய எல்.சி.யின் 'அட் சைட்', 'யூசன்ஸ்' என்னும் பிரிவும் அதே வேறுபாடுதான். நம் வியாபாரிகளுக்கு இந்தக் கருத்து புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்நியமாக இருப்பது எழுதியிருக்கும் மொழி மட்டுமே.

எல்.சி.களுக்கான உலகளாவிய விதி யு.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ரேனர் வழக்கின் கடுமையை அது சற்றுத் தளர்த்தியிருக்கிறது. பி.எல். போன்ற ஆவணங்களில் சரக்கைப் பொதுவான சொல்லால் குறிக்கலாம், எல்.சி.யோடு முரண்படாமல் இருந்தால் போதும். இன்வாய்ஸில் மட்டும் எல்.சி.யில் உள்ளபடியே பொருந்தியாக வேண்டும்.

அந்த விதிகளுக்குள் சாதாரண ஆங்கிலச் சொற்கள் எப்படித் தனிப்பொருள் கொள்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 'அபௌட்' என்பது பேச்சில் 'ஏறக்குறைய'. எல்.சி.யில் அது அளவுக்கோ தொகைக்கோ முன்னால் நின்றால், 10 சதவீதம் கூடலாம், 10 சதவீதம் குறையலாம் என்று பொருள். அது இல்லாத இடத்தில், டன்னிலும் கிலோவிலும் அளக்கும் சரக்குக்கு 5 சதவீதம் ஏற்றத்தாழ்வு அனுமதி உண்டு. ஆனால் எண்ணிக்கையில் விற்கும் சரக்குக்கு அந்தச் சலுகையும் கிடையாது. நூலை எடைபோட்டு விற்பவருக்கு இருக்கும் சலுகை, டி-சர்ட்டை எண்ணி விற்பவருக்கு இல்லை. 10,000 டி-சர்ட் என்று எழுதியிருந்து, சோதனையில் கழிந்தது போக 9,990 அனுப்பினால், அதுவே ஆவணத்தில் குறையாகலாம். 'அபௌட்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அந்தக் குறை எழுந்திருக்காது.

நாள் குறிக்கும் சொற்களும் அப்படியே. 'ஆன் ஆர் அபௌட்' என்று ஒரு தேதிக்கு முன்னால் எழுதினால், அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் ஏற்றலாம். மாதத்தின் தொடக்கம் என்றால் 1 முதல் 10 வரை, நடு என்றால் 11 முதல் 20 வரை. 'உடனடியாக', 'கூடிய விரைவில்' என்பனவற்றுக்கோ எந்தப் பொருளும் இல்லை. வங்கி அவற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்கிறது விதி. 'தகுதிவாய்ந்த', 'சுதந்திரமான' ஒருவரிடமிருந்து சான்றிதழ் வேண்டும் என்று எழுதினால், விற்பவரைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் வங்கி ஏற்றுக்கொள்ளும். தரத்துக்குக் காவல் வைத்துவிட்டதாக நினைத்து ஒருவர் எழுதும் சொல் எந்தக் காவலும் இல்லாமல் நிற்கிறது.

இவற்றைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு. 'வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ்' என்று எல்.சி.யில் கேட்டிருப்பார்கள். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரி வந்த பிறகு, பணம் கிடைப்பது வங்கியின் உறுதியில் இல்லை, பையரின் விருப்பத்தில் இருக்கிறது. சந்தை சரிந்தால் அந்தப் பிரதிநிதி கையெழுத்துப் போட வரமாட்டார். சரக்கைத் தைத்து முடித்து, பெட்டியில் அடைத்து, காத்திருப்பது ஒன்றே மிச்சம்.

டி.பி., டி.ஏ. இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னதில் பணம் கட்டினால்தான் வாங்குபவருக்கு ஆவணம் கிடைக்கும். பின்னதில், பிறகு கட்டுகிறேன் என்று உண்டியலில் கையெழுத்துப் போட்டாலே ஆவணத்தையும், அதைக் காட்டிச் சரக்கையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் வங்கி நடுவில் நிற்கிறது; ஆனால் வாங்குபவர் கட்டாவிட்டால் வங்கி கட்டாது. வங்கி வழியாகத்தானே போகிறது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது. டி.ஏ.யில் அனுப்புகிறவர், மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனம் 1957 முதல் கொடுத்துவரும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டை எடுக்காமல் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதமானபோது, இன்னொரு மூன்றெழுத்தின் பொருள் வெளிப்பட்டது. டி.டி.பி. என்று ஒப்பந்தம் செய்தவர், இறக்குமதி வரியையும் கட்டிச் சரக்கைப் பையரின் வாசலில் சேர்க்க ஒப்புக்கொண்டவர். வரி ஏறினால் ஏறிய பாரம் அவருடையது. எஃப்.ஓ.பி.யில் விற்றவருக்கு ஒப்பந்தப்படி அந்தச் சுமை இல்லை. ஆனாலும் பையர்கள் விலைக்குறைப்புக் கேட்டார்கள், நம்மவர்கள் பலர் கொடுக்கவும் செய்தார்கள். அடுத்த ஆர்டர் வேண்டுமே. சொல்லின் பொருள் தெரிந்துவிட்டால் பேரத்தில் வலு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தான் கொடுப்பது கடமையில்லை, சலுகை என்று தெரிந்து கொடுப்பவர், அதற்கு ஈடாக அடுத்த பருவத்து ஆர்டரையோ முன்பணத்தையோ கேட்க முடியும். தெரியாமல் கொடுப்பவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

கரோனா காலத்தில் எல்லாரும் கேட்ட சொல் 'ஃபோர்ஸ் மஜூர்', அதாவது ஒப்பந்தத்தை நிறைவேற்ற விடாத, கைமீறிய நிகழ்வு. தொற்றைக் காட்டி மேல்நாட்டு பிராண்டுகள் ஆர்டர்களை ரத்து செய்தன. யார் வேண்டுமானாலும் எடுத்து வீசும் மந்திரமன்று அது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 32ஆம், 56ஆம் பிரிவுகள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் விலை ஏறியது, லாபம் குறைந்தது என்பதெல்லாம் போதாது என்று 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் ஆங்கிலேயச் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அங்கே அந்தச் சொல்லுக்குத் தனியான சட்டப் பொருள் இல்லை. ஒப்பந்தத்தில் என்னென்ன நிகழ்வுகளை எழுதினோமோ அவ்வளவுதான். 'தொற்றுநோய்' என்று பட்டியலில் இருக்கிறதா, 'அரசு ஆணை' இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். 'எந்த நாட்டுச் சட்டம், எங்கே நடுவர் மன்றம்' என்ற வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பலர் அதுவரை படிப்பதில்லை.

கடல் தாண்டாத வியாபாரத்திலும் இதே கதைதான். கோவையிலும் ஓசூரிலும் பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு வரும் பி.ஓ. என்னும் கொள்முதல் ஆணைகளில் 'பேமென்ட் 90 டேஸ் ஃப்ரம் ஜி.ஆர்.என்.' என்றொரு வரி சாதாரணமாக இருக்கும்; சரக்கைப் பெற்றதாகக் கம்பெனி ஜி.ஆர்.என். சீட்டுப் போட்ட நாளிலிருந்து 90 நாளில் பணம் என்பது அதன் பொருள். ஆனால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் தள்ளிப்போடும் ஒப்பந்தம் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நாளைக் கணக்கிடுவது பெரிய கம்பெனி ஜி.ஆர்.என். போடும் நாளிலிருந்து அன்று. சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். 'டீம்ட் அக்செப்டன்ஸ்' என்பார்கள். மூன்று மாதம் கழித்து 'சரக்கு ரிஜெக்ட்' என்று பணத்தைப் பிடிக்கும் கம்பெனிக்கு எதிரே பட்டறைக்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அது பயன்படாமல் கிடப்பதற்கு, அந்த இரண்டு சொற்கள் அவருக்குத் தெரியாதது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சேமிப்புக் கணக்குப் படிவம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்திருக்கும் இந்தப் பாதுகாப்பு, ஒரு கண்டெய்னர் சரக்குக்குக் கையெழுத்துப் போடும் சிறு ஏற்றுமதியாளருக்கு ஏன் இல்லை? எல்.சி. வந்த தகவலைத் தெரிவிக்கும் வங்கி, அதனோடு ஒரு பக்கம் தமிழ் விளக்கத்தை இணைத்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. 'எஃப்.ஓ.பி. = கப்பலேற்ற விலை' என்ற சொற்பட்டியலாக அது இருக்கக் கூடாது. எந்த இடம்வரை சரக்கு உங்கள் பொறுப்பு, பணம் வர யாருடைய கையெழுத்துகள் தேவை, எந்த எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசம் வரலாம், எந்தத் தேதிக்குள் திருத்தம் கேட்க வேண்டும் என்று அந்த எல்.சி.க்கே உரிய விடைகளாக இருக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு, ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியோ போன்றவற்றிடம் இதற்கான அறிவு இருக்கிறது. வணிகவியல் துறை உள்ள கல்லூரிகள் ஊர் ஊருக்கு இருக்கின்றன. உண்மையான பி.எல்., உண்மையான எல்.சி. நகலை மாணவர் கையில் கொடுத்து வரிவரியாகத் தமிழில் விளக்கம் எழுதச் சொல்லும் பாடம், தேர்வுக்கு வரையறை மனப்பாடம் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

வங்கிக்கு ஆவணங்களைச் சரிபார்க்க ஐந்து வேலைநாள் அவகாசம் இருக்கிறது. ஏற்றுமதியாளருக்கு இருக்கும் அவகாசம், எல்.சி. கைக்கு வந்த நாளுக்கும் சரக்கு ஏறும் நாளுக்கும் இடைப்பட்டது மட்டும். பொருந்தாத வரியைத் திருத்தித் தரும்படி பையரிடம் கேட்க அப்போதுதான் முடியும். தமிழ் விளக்கப் பக்கம் அந்த நாள்களுக்குள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். அதை வங்கிகளின் கடமையாக ஆக்கும்படி ரிசர்வ் வங்கியிடம் தமிழ்நாடு அரசும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.